உண்டியல் முன்னே, புயல் பின்னே

சென்ற மாதம் நம் சங்கத்தின் செயற்குழுக் கூட்டத்துக்குப் பார்வையாளனாகப் போயிருந்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோது நாம் திரட்டிய நிதியில் 41,000 ரூபாய் இன்னும் வங்கியில் கிடக்கிறது. அதை என்ன செய்யலாம் என்று பேச்சு வந்தது. அரங்கத்துக்கு நாற்காலி வாங்கலாம் என்றார் ஒருவர். மைக் செட் பழுது என்று நினைவூட்டினார் இன்னொருவர். அடுத்த புயல் வரும்வரை அப்படியே இருக்கட்டும் என்றார் மூன்றாமவர்.

"அடுத்த புயல் வருவதற்கு முன்பே செலவழித்தால் என்ன?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். புயலுக்கு முன் யாருக்கு நிவாரணம் கொடுப்பது என்று கேட்டார்கள். நேரமாகிவிட்டதால் பேச்சு அத்துடன் நின்றது. அன்று சொல்ல நினைத்து முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஃபிட்டர் சொன்னது

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரி முனையை ஒட்டிக் கிளம்பியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். கடலுக்குப் போய்ப் பல நாள் தங்கி மீன் பிடிப்பவர்கள் அதற்கு முன்பே ஆழ்கடலில் இருந்தார்கள். கரையிலிருந்து அவர்களுக்குச் செய்தி சொல்ல வழி இல்லை. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் எத்தனையோ வீடுகளில் போனவர்கள் திரும்பவில்லை.

அந்த டிசம்பரில் நாமும் வீடு வீடாகப் போய் வசூலித்தோம். என் டிப்போவில் குமரி மாவட்டக் கடற்கரைக் கிராமத்தைச் சேர்ந்த ஒரு ஃபிட்டர் இருந்தார். அவருடைய தம்பி மகனும் திரும்பாதவர்களில் ஒருவன். இது தெரியாமல் அவரிடமும் ரசீதுப் புத்தகத்தை நீட்டிவிட்டேன். அவர் நூறு ரூபாய் கொடுத்தார். ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "சார், இந்தக் காசு நவம்பர்லயே அங்க இருந்திருக்கணும். தேடப் போறதுக்கு ஊர்ல படகு இருந்துச்சு, ஆளு இருந்துச்சு. டீசலுக்குத்தான் ஆளாளுக்குக் கடன் கேட்டு அலைஞ்சாங்க."

நாம் அனுப்பிய காசோலை பொங்கல் கழிந்துதான் போய்ச் சேர்ந்தது. அது சில குடும்பங்களுக்கு அரிசியாகவும் பள்ளிக் கட்டணமாகவும் ஆகியிருக்கும். அது வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பணத்தால் கடலில் ஓர் உயிரும் மீண்டிருக்க முடியாது.

அவர் சொன்னது பல நாள் என் மனத்தில் கிடந்தது. மற்ற நாடுகளில் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று ஓய்வு பெற்ற பிறகு தேடிப் படித்தேன். படித்ததில் என்னை மிகவும் கவர்ந்தது, கடலே இல்லாத ஓர் ஊரின் கதை.

மான்செஸ்டரில் ஒரு சனிக்கிழமை

கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறோம். அசல் மான்செஸ்டரும் நம் கோவையைப் போலவே கடலைத் தள்ளி உள்ளே இருக்கும் பஞ்சாலை நகரம். கடல் உயிர்காப்புக்காகத் தெருவில் உண்டியல் குலுக்கும் வழக்கம் அங்கேதான் தொடங்கியது.

1886 டிசம்பர் 9 இரவு, இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் 'மெக்சிகோ' என்ற ஜெர்மானியக் கப்பல் புயலில் சிக்கி மணல் திட்டில் மாட்டிக்கொண்டது. அதில் இருந்தவர்கள் 12 பேர். அவர்களை மீட்க லித்தம், செயின்ட் ஆன்ஸ், சவுத்போர்ட் என்ற மூன்று ஊர்களிலிருந்து துடுப்புப் படகுகள் கிளம்பின. படகோட்டிகள் எல்லோரும் அந்தந்த ஊர் மீனவர்களும் தொழிலாளிகளும். லித்தம் படகு போய்ச் சேர்ந்து 12 பேரையும் உயிரோடு கொண்டுவந்தது. மற்ற இரண்டு படகுகளும் கவிழ்ந்தன. செயின்ட் ஆன்ஸ் படகில் போன 13 பேரும் இறந்தார்கள். சவுத்போர்ட் படகில் போன 16 பேரில் இருவர் மட்டுமே பிழைத்தார்கள். ஆக 27 தொண்டர்கள் ஒரே இரவில் போனார்கள். 16 பெண்கள் விதவைகளானார்கள்.

நாடே அழுதது. குடும்பங்களுக்காக 30,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அந்தக் காலத்தில் அது பெரும் தொகை.

செயின்ட் ஆன்ஸில் சார்லஸ் மக்காரா என்று ஒரு மில் முதலாளி வசித்தார். தொழில் மான்செஸ்டரில், வீடு கடற்கரையில். இறந்தவர்கள் அவருக்குத் தெரிந்தவர்கள். இந்தப் படகுகளை நடத்துவது ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிடியூஷன் என்ற தொண்டு நிறுவனம். அதன் கணக்கைப் பார்த்தபோது அவருக்கு ஓர் உண்மை புரிந்தது. நாட்டுக்கே உரிய இந்த நிறுவனத்தின் வருமானத்தில் பெரும்பகுதி ஏறக்குறைய நூறு பணக்காரர்களிடமிருந்து வந்துகொண்டிருந்தது. சாதாரண மக்களிடம் யாரும் கேட்கவே இல்லை. அவர்கள் கொடுக்க மறுத்தார்கள் என்று எப்படிச் சொல்வது?

1891 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, மக்காரா உயிர்காப்புப் படகுகளையே மான்செஸ்டருக்குக் கொண்டுவந்து வாத்திய கோஷ்டிகளுடன் வீதிவலம் விட்டார். நம் ஊரில் தேர் வருவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலைப் பார்த்தறியாத ஆலைத் தொழிலாளிகள் அந்தப் படகையும் கார்க் மிதவை கட்டிய ஆட்களையும் அன்று நேரில் பார்த்தார்கள். மாடி ஜன்னலில் நின்றவர்களையும் டிராம் வண்டியின் மேல்தட்டில் இருந்தவர்களையும் எட்டுவதற்காக நீளக் கழியின் முனையில் பையைக் கட்டி நீட்டினார்கள். ஒரே நாளில் 5,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. பதிவில் உள்ள முதல் தெரு வசூல் இதுதான் என்கிறார்கள். மறுவருடம் அவருடைய மனைவி மரியன் மக்காரா பெண்களுக்கென்று ஒரு வசூல் குழுவைத் தொடங்கினார். பிற நகரங்களும் பின்பற்றின.

1886இல் கொடுத்த பணத்துக்கும் 1891இல் கொடுத்த பணத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். முன்னது இறந்தவர்களின் குடும்பத்துக்கு. பின்னது இன்னும் கடலில் விழாதவர்களுக்கு. முன்னதற்குக் கண்ணீர் போதும். பின்னதற்கு யாராவது உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

கண்ணீர் காய்ந்த பிறகு

அந்த நிறுவனத்தின் முதல் முப்பது வருடக் கதையும் இதையேதான் சொல்கிறது. அதைத் தொடங்கியவர் சர் வில்லியம் ஹில்லரி. மான் தீவில் வாழ்ந்தவர். கண்ணெதிரே கப்பல்கள் உடைவதைப் பார்த்து 1823இல் ஒரு வேண்டுகோள் பிரசுரம் எழுதினார். 1824 மார்ச் 4 அன்று லண்டனில் நிறுவனம் உருவானது. அவர் எழுதியதோடு நிற்கவில்லை. அறுபதை ஒட்டிய வயதில், 1830இல், தாமே படகில் போய் விலா எலும்புகளை முறித்துக்கொண்டார். முழங்கால் வலி என்று மார்கழி பஜனைக்கு வராத என் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

முதல் வருடம் ஏறக்குறைய 10,000 பவுண்டு சேர்ந்தது. புதிதாக ஒன்று தொடங்கும்போது யாரும் கொடுப்பார்கள். பிறகு மெல்ல மெல்ல வற்றியது. இடையில் 1838இல், கலங்கரை விளக்கக் காவலரின் மகள் கிரேஸ் டார்லிங் என்ற 22 வயதுப் பெண், தந்தையுடன் துடுப்புப் போட்டுப் போய் உடைந்த கப்பலில் இருந்தவர்களை மீட்டாள். நாடு முழுவதும் அவளைக் கொண்டாடியது. விக்டோரியா ராணி உட்பட எத்தனையோ பேர் அவளுக்குப் பணம் அனுப்பினார்கள். ஆனால் அந்த உற்சாகம் படகுகளைப் பராமரிக்கும் நிறுவனத்தின் பக்கம் திரும்பவில்லை. 1849இல் அதன் வருட வருமானம் 354 பவுண்டாகச் சுருங்கியது. வீராங்கனையின் படத்தை வீட்டில் மாட்டியவர்கள் படகுக்குத் தார் பூசக் காசு கொடுக்க மறந்துபோனார்கள்.

1850க்குப் பிறகு நல்ல நிர்வாகிகள் வந்து நிமிர்த்தினார்கள். 1854 முதல் அரசு மானியமும் வாங்கினார்கள். 1869இல் அதை நிறுத்திக்கொண்டு மீண்டும் மக்களிடமே போனார்கள். இன்று பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 230க்கும் மேற்பட்ட படகு நிலையங்கள் அவர்களிடம் இருக்கின்றன. படகில் போகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாத தொண்டர்கள். பிளம்பர், ஆசிரியர், கடைக்காரர் என்று யாராக இருந்தாலும் பேஜர் ஒலித்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். 200 வருடங்களில் 1,46,000 உயிர்களுக்கு மேல் காப்பாற்றியிருக்கிறார்கள். இதற்கான பணத்தில் பெரும்பகுதி மக்களின் நன்கொடை. அதிலும் பெரும்பங்கு, இறந்தவர்கள் உயிலில் எழுதி வைத்துப் போனது.

இன்றும் சோகம்தான் பையை அகலத் திறக்கிறது. 1981 டிசம்பர் 19 அன்று கார்ன்வாலில் மவுஸ்ஹோல் என்ற சிற்றூரிலிருந்து போன 8 தொண்டர்களும் இறந்தபோது, அந்த ஊர்க் குடும்பங்களுக்கு 30 லட்சம் பவுண்டு வந்தது. கோபமும் அப்படித்தான். கால்வாயைக் கடந்துவரும் அகதிகளை ஏன் மீட்கிறீர்கள் என்று 2021 ஜூலையில் சிலர் ஏசினார்கள். கடலில் தத்தளிக்கிறவன் யார் என்று கேட்பது எங்கள் வேலை இல்லை என்ற நிலையில் நிறுவனம் உறுதியாக நின்றது. அதைப் பார்த்த மக்கள் ஒரே நாளில் இரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்தார்கள். ஆனால் படகுக்கு எஞ்சின் எண்ணெய் எல்லா மாதமும் வேண்டும். சோகமும் கோபமும் எல்லா மாதமும் வராது, வரவும் வேண்டாம்.

குமாஸ்தாக்கள் வாங்கிய படகுகள்

அப்படியானால் மாதந்தோறும் வருகிற பணம் எது? இதற்கான விடை, சம்பளக்காரர்களான நமக்கு மிகவும் பொருந்துவது.

1866இல் லண்டன் தபால் துறையில் வேலை பார்த்த சார்லஸ் டிப்டின் என்ற அரசு ஊழியர், தம் சக ஊழியர்களிடம் சிறு தொகைகளாகச் சேர்க்கத் தொடங்கினார். அரசு அலுவலகங்களிலும் தபால் நிலையங்களிலும் இருந்த குமாஸ்தாக்கள் கொடுத்த காசு அது. அந்த நிதி இன்றும் நடக்கிறது. இதுவரை ஐம்பதுக்கும் மேற்பட்ட படகுகளை வாங்கிக் கொடுத்திருக்கிறது. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கோப்பு எழுதியவர்கள்.

ஜெர்மனியிலும் இப்படி ஒரு தொண்டு நிறுவனம் 1865இல் தொடங்கி, வரிப்பணம் இல்லாமல் நடக்கிறது. 1875 முதல் அவர்கள் சிறு படகு வடிவத்தில் உண்டியல் செய்து கடைகளிலும் உணவு விடுதிகளிலும் வைக்கிறார்கள். நாடு முழுவதும் சுமார் 14,000 இருக்கின்றனவாம். கடலுக்கு வெகு தொலைவில் உள்ள ஊர்களிலும் சில்லறை பாக்கி அந்தப் படகில் விழுகிறது.

குழந்தைகளும் செய்திருக்கிறார்கள். 1966இல் பிபிசியின் 'ப்ளூ பீட்டர்' என்ற சிறுவர் நிகழ்ச்சி பழைய கதைப் புத்தகங்களை அனுப்பச் சொன்னது. அவற்றை விற்ற பணத்தில் கரையோர மீட்புக்கு நான்கு படகுகள் வாங்கினார்கள்.

இந்த மூன்று உதாரணங்களிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. தொகை சிறியது, நிற்காதது, கொடுத்தவருக்குத் தம் பணம் எங்கே மிதக்கிறது என்று தெரியும்.

"அரசாங்கம் எதற்கு இருக்கிறது?"

கூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டது இது. நியாயமான கேள்வி. நமக்கு 1978 முதல் கடலோரக் காவல் படை இருக்கிறது. கடலில் ஆபத்து என்றால் 1554 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றி அழைக்கலாம். அவர்கள் கப்பலும் விமானமும் கொண்டு செய்யும் வேலையைத் தொண்டர்களால் செய்ய முடியாது. ஆனால் பிரிட்டனிலும் 1822 முதல் அரசின் கடலோரக் காவல் துறை இருக்கிறது. தகவல் வாங்குவது, யார் போவது என்று ஒருங்கிணைப்பது, ஹெலிகாப்டர் அனுப்புவது அவர்கள் பொறுப்பு. படகை இறக்குவது பெரும்பாலும் தொண்டர் பொறுப்பு. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

இதை நான் என் வேலையிலிருந்தே புரிந்துகொண்டேன். ரயில் டிப்போக்களில் விபத்து நிவாரண ரயில் ஒன்று தனித் தண்டவாளத்தில் நிற்கும். கிரேன், ஜாக்கி, ஜெனரேட்டர், மருத்துவ வேன் எல்லாம் அதில் உண்டு. அதன் முன்னால் ஒரு காலி வாகன்கூட நிறுத்தக் கூடாது. சங்கு ஊதினால் நள்ளிரவானாலும் வீட்டிலிருந்து ஓட வேண்டும். வருடத்தில் பெரும்பாலான நாள் அது சும்மாதான் நிற்கும். அந்தச் சும்மா நிற்றலுக்குத்தான் பேட்டரி சோதனை, ஒத்திகை, செலவு எல்லாம். நிற்கிற வண்டிக்கு இவ்வளவு செலவா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. விபத்து நடந்த பிறகு அதே கேள்வியைக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். எவ்வளவு சீக்கிரம் நாங்கள் போய்ச் சேர்ந்தாலும் எங்களுக்கு முன்பே பக்கத்து ஊர்க்காரர்கள் அங்கே இருப்பார்கள். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பஹானகா பஜாரில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளானபோதும் அதுதான் நடந்தது. இருட்டில் பெட்டிக்குள் புகுந்து முதலில் ஆட்களைத் தூக்கியவர்கள் அந்த ஊர் மக்கள். ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றவர்களும் அவர்களே.

கடலில் அந்தப் பக்கத்து ஊர்க்காரர் மீனவர்தான். ஒக்கிக்குப் பிறகு தங்கள் படகிலேயே தேடிப் போனவர்கள் அவர்கள். 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது கடற்படகுகளை லாரியில் ஏற்றிச் செங்கன்னூர் வரை கொண்டுபோய் ஆயிரக்கணக்கானவர்களை மீட்டவர்களும் அவர்கள். அதற்கு அரசு தருவதாகச் சொன்ன பணத்தைச் சிலர் வேண்டாம் என்றார்கள். ஆக, தொண்டர் படை நம் கரையில் பிறவியிலேயே இருக்கிறது. பதக்கத்துக்கும் பாராட்டுக்கும் குறைவில்லை. இல்லாதது உண்டியல் ஒன்றுதான்.

நாம் செய்யக்கூடியது

இந்த ஊரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் ஒரு முழு இரவு ரயிலில் படுத்துப் போக வேண்டும். நம் உறுப்பினர்களில் பாதிப் பேர் மீனே சாப்பிடாதவர்கள். நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மான்செஸ்டர்காரன் அதைக் கேட்டிருந்தால் அந்தச் சனிக்கிழமையே நடந்திருக்காது.

என் யோசனைகள் எளியவை. முதலாவது, அந்த 41,000 ரூபாய் நாற்காலிக்குப் போகக் கூடாது. புயலின் பெயரைச் சொல்லி வாங்கிய பணம் அது. அதைக் கடல் உயிர்காப்பு நிதி என்று தனிக் கணக்கில் வைப்போம். இரண்டாவது, விருப்பமுள்ள குடும்பங்கள் மாதம் 20 ரூபாய் தரட்டும். 150 குடும்பங்கள் சேர்ந்தால் வருடத்துக்கு 36,000 ரூபாய். மூன்றாவது, பொங்கல் விழாவில் படகு வடிவ உண்டியல் ஒன்று வைப்போம். அதைச் செய்து வர்ணம் பூசும் வேலையை நம் பிள்ளைகளிடம் விடுவோம். நான்காவது, குமரிக் கரையில் ஒரே ஒரு மீனவ ஊரைத் தேர்ந்தெடுத்து, அந்த ஊர்க் கமிட்டியிடமே என்ன வேண்டும் என்று கேட்போம். உயிர்காப்பு மிதவைச் சட்டையா, வயர்லெஸ் கருவியா, தேடப் போவதற்கென்று ஒதுக்கி வைக்கும் டீசலா என்பதை அவர்கள் சொல்லட்டும். நாம் முடிவு செய்து மூட்டை கட்டி அனுப்ப வேண்டாம். கடைசியாக, ஒவ்வொரு சித்திரையிலும் வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம், வாங்கிய பொருளின் படத்துடன்.

36,000 ரூபாயில் உயிர்காப்புப் படகு வாங்க முடியாது என்று எனக்கும் தெரியும். அது ஒரு ஊருக்கே போதாது. ஆனால் பல ஊர்களில் நம்மைப் போல் தமிழ்ச் சங்கங்கள் இருக்கின்றன. லண்டன் தபால் குமாஸ்தாக்களும் முதல் மாதத்திலேயே படகு வாங்கிவிடவில்லை.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. நாம் கொடுத்த மிதவை பல வருடம் ஒரு கொட்டகையில் தூசி படிந்து தொங்கலாம். நம் பணத்தால் இவர் பிழைத்தார் என்று காட்ட ஒருவரும் இல்லாமல் போகலாம். என் நிவாரண ரயில் சும்மா நின்ற நாட்களை நான் நல்ல நாட்கள் என்றுதான் எண்ணினேன். அந்த மனம் இருந்தால் போதும்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். எதிர்ப்பவர்களும் அவசியம் வாருங்கள், உங்கள் கேள்விகளால் கணக்கு இன்னும் சுத்தமாகும். தீர்மானம் தோற்றாலும் என் வீட்டுக் கூடத்தில் ஓர் உண்டியல் இருக்கும். அதில் முதல் நூறு ரூபாயை நான் போட்டுவிட்டேன். ஃபிட்டருக்கு அன்று கொடுத்த ரசீதின் அடிக்கட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதிலுள்ள தேதி நவம்பருக்கு முந்தியதாக இருந்திருக்க வேண்டும்.